பழுதுபார்ப்பது யாருடைய வேலை?

ஓர் அநீதியால் உடல் நொந்தவர்களே அந்த அநீதியைச் சரிசெய்யும் வேலையையும் சுமக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? பெண்களாகிய நமக்கு இது பழகிய கேள்விதான். அடி வாங்கியவளிடமே போய், 'நீதான் கொஞ்சம் அனுசரித்துக் குடும்பத்தைச் சரிபண்ண வேண்டும்' என்று சொல்கிறவர்களை நாம் உடனே அடையாளம் கண்டுவிடுவோம். ஆனால் அதே எதிர்பார்ப்பு மாலையும் கையுமாக வரும்போது, 'வாழ்நாள் முழுக்கத் தன் மக்களுக்காகவே உழைத்தார்' என்ற புகழுரையாக வரும்போது, அதை அடையாளம் காண்பது கடினமாகிவிடுகிறது.

செவிலியர் கல்லூரி ஒன்றில் நான் பொதுச் சுகாதாரம் கற்பிக்கிறேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உடல்நலத்துக்காக உழைத்தவர்களைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது முதலில் ஒரு சொல் இடிக்கும். அவர்கள் 'ஈக்விட்டி' என்கிறார்கள். 'சமத்துவம்' என்று சொன்னால், எல்லோருக்கும் ஒரே அளவு என்று மாணவிகள் எழுதிக்கொள்வார்கள். கமாரா ஜோன்ஸ் என்ற கறுப்பினப் பெண் மருத்துவர் அதற்குத் தரும் விளக்கத்தில் மூன்று கூறுகள் உண்டு. எல்லா மனிதரையும் ஒரே மதிப்போடு பார்ப்பது, வரலாற்றில் இழைத்த அநீதியை ஒப்புக்கொண்டு சரிசெய்வது, தேவைக்கேற்ப வளங்களைத் தருவது. ஆகவே நான் 'சமநீதி' என்றே சொல்கிறேன். அவர் விளக்கத்தின் நடுவில் இருக்கும் 'சரிசெய்வது' என்ற வினைச்சொல்லில்தான் என் கேள்வி இருக்கிறது. அந்த வினைக்கு எழுவாய் யார்?

இதை ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரத்தை வைத்துக் கேட்கிறேன். நூறாண்டுக்கும் மேலாக, இந்த வேலையைச் செய்த பலருடைய வாழ்க்கை அந்த ஒரே ஊர் வழியாகப் போயிருக்கிறது.

1896இல் ஃபிரெடரிக் ஹாஃப்மன் என்ற ஆயுள் காப்பீட்டுப் புள்ளியியலாளர் ஒரு நூல் எழுதினார். கறுப்பினத்தவர் அதிகமாகச் சாவதற்குக் காரணம் அவர்களுடைய பிறவிக் கூறுதான், அவர்கள் மெல்ல அழிந்தே போவார்கள் என்பது அதன் சாரம். காப்பீடு மறுப்பதற்கு இதைவிட வசதியான கோட்பாடு கிடைக்காது. பத்தாண்டுகள் கழித்து, 1906இல், டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ் அட்லாண்டா பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். சாவு எண்ணிக்கை இரத்தத்தைத் தொடர்ந்து செல்வதில்லை, வாழ்நிலையைத் தொடர்ந்து செல்கிறது என்று அது காட்டியது. அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பு, 1899 மே மாதம், அதே ஊரில் அவருடைய இரண்டு வயது நிரம்பாத மகன் தொண்டை அடைப்பான் நோயில் இறந்திருந்தான். அது நிறவெறிப் பிரிவினை மருத்துவமனை வாசல் வரை நின்ற காலம்.

நான் அந்தத் தகப்பனை நினைத்துக்கொள்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்தவர், தம் இனம் சாகப் பிறந்த இனம் அல்ல என்று அட்டவணை போட்டு நிரூபிக்க வேண்டியிருந்தது. நிரூபிக்கும் பொறுப்பு ஹாஃப்மன் பக்கம் இருந்திருக்க வேண்டும். அது இழந்தவர் தலையில் விழுந்தது.

நூறாண்டு தாண்டி வருவோம். ஷலோன் அயர்விங் அட்லாண்டாவிலுள்ள நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையத்தில் நோய்ப்பரவலியல் ஆய்வாளர். சமூகவியலும் முதுமையியலும் கற்று முனைவர் பட்டம் பெற்றவர், அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணியின் சீருடை அதிகாரி. சமூக ஏற்றத்தாழ்வும் வன்முறையும் மனிதரை எப்படி நோயாளியாக்குகின்றன என்பதே அவருடைய ஆய்வுத்துறை. 2017 ஜனவரி தொடக்கத்தில் அவருக்கு அறுவைச் சிகிச்சை மூலம் பெண் குழந்தை பிறந்தது. அடுத்த வாரங்களில் உடல் சரியில்லை என்று திரும்பத் திரும்ப மருத்துவ உதவி தேடினார். அதே மாத இறுதியில், உயர் இரத்த அழுத்தச் சிக்கலால் இறந்தார். வயது 36.

இந்தப் பாடம் முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "மேம், எல்லாம் படிச்சு, எல்லாம் தெரிஞ்ச அவங்களே தப்பிக்கலேன்னா, நாம ஊர் ஊராப் போய் விழிப்புணர்வு, விழிப்புணர்வுன்னு சொல்றது எதுக்கு?"

அவள் கேட்டது சரியான கேள்வி. அதற்கான தரவும் இருக்கிறது. 2007 முதல் 2016 வரையிலான மகப்பேறு தொடர்பான இறப்புகளை ஆராய்ந்த அதே நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2019இல் வெளியிட்ட கணக்கு இது. கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களின் இறப்பு விகிதம், பட்டம் பெற்ற வெள்ளையினப் பெண்களுடையதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத வெள்ளையினப் பெண்களுடையதைவிடவும் அது அதிகம், 1.6 மடங்கு. 2023இல்கூட ஒரு லட்சம் பிறப்புகளுக்கு வெள்ளையினத் தாய்மார் 14.5 பேர் இறந்தபோது, கறுப்பினத் தாய்மார் 50.3 பேர் இறந்தார்கள். இந்த இறப்புகளில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை தடுத்திருக்கக் கூடியவை என்பது மரணங்களை ஒவ்வொன்றாகப் பரிசீலித்த குழுக்களின் முடிவு.

பெண்களுக்கு நாம் கொடுக்கும் பெரிய வாக்குறுதி ஒன்று உண்டு: படித்தால் தப்பித்துவிடலாம். அந்த வாக்குறுதி எங்கே நின்றுபோகிறது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. படிப்பு அவள் கையில் இருக்கிறது. அவள் சொல்வதைக் கேட்கும் காது எதிரில் இருப்பவரிடம் இருக்கிறது. தனக்கு என்னவோ ஆகிறது என்பதை அவள் அறிவது ஒன்று, அவள் சொல்வது உண்மை என்று மற்றவர் எடுத்துக்கொள்வது வேறொன்று. முதலாவதைப் பாடத்தால் கொடுக்கலாம். இரண்டாவதை அவளுக்கு எவ்வளவு பாடம் எடுத்தாலும் கொடுக்க முடியாது, ஏனென்றால் அங்கே பாடம் தேவைப்படுவது அவளுக்கு அல்ல.

மகளை இழந்த அந்தத் தாய் பேத்தியை வளர்க்கத் தொடங்கினார். கூடவே மகள் பெயரில் ஓர் அமைப்பையும் தொடங்கினார், கறுப்பினத் தாய்மார் இறப்பதைத் தடுப்பதற்காக. டு போய்ஸ் தொட்ட அதே வேலை, அதே ஊரில், இன்னொரு இழப்பின் மேல். அவரைக் கைகூப்பி வணங்கத் தோன்றுகிறது. ஆனால் வணங்கிவிட்டு நகர்ந்துபோவதுதான் நமக்கு எளிது என்பதால் அங்கேயே நிற்கிறேன்.

இனி எதிர்த்தரப்பு வாதத்தைக் கேட்போம். பாதிக்கப்பட்டவர்கள் இந்த வேலையைச் செய்யவில்லை என்றால் வேறு யார் செய்வது? மற்றவர்கள் செய்த கதையும் வரலாற்றில் இருக்கிறது. 1840களில் அலபாமாவின் மான்ட்கோமரியில் ஜே. மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அடிமைப் பெண்களின் உடலில் மயக்க மருந்தில்லாமல் திரும்பத் திரும்ப அறுவை செய்து பார்த்தார். அனார்கா, பெட்சி, லூசி என்ற மூன்று பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைக்கின்றன. அவர் 'மகளிர் மருத்துவத்தின் தந்தை' ஆனார். நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் நின்ற அவருடைய சிலை 2018இல்தான் அகற்றப்பட்டது. டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசே வேடிக்கை பார்த்தது. குடியுரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமருக்கு 1961இல் மிசிசிப்பியில், அவர் அனுமதி இல்லாமலே கருப்பை அகற்றப்பட்டது. உன் உடலை எங்களிடம் விட்டுவிடு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்ற சொல்லுக்கு அந்த மண்ணில் இதுதான் பொருள்.

ஆக, இரண்டு பக்கமும் முள். வேலையைப் பாதிக்கப்பட்டவர்களிடம் விட்டால், காயத்தின் மேல் சுமை. அவர்களிடமிருந்து எடுத்துவிட்டால், அவர்கள் மறுபடியும் பிறர் கையில் வெறும் உடல்.

இந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு உதவியவர் பில்லி ஏவரி. 1970இல் அவருடைய கணவர் மாரடைப்பில் இறந்தார், வயது 33. இருவரும் படித்தவர்கள். தங்கள் உடலைப் பற்றித் தாங்கள் எவ்வளவு குறைவாக அறிந்திருந்தோம் என்ற அதிர்ச்சி ஏவரியை இந்த வேலைக்குள் இழுத்தது. 1974இல் ஃபுளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில் தோழிகளோடு சேர்ந்து பெண்கள் நல மையம், 1978இல் ஒரு பிரசவ இல்லம். 1983 ஜூன் மாதம், அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் கறுப்பினப் பெண்களின் உடல்நலம் பற்றிய முதல் தேசிய மாநாட்டைக் கூட்டினார். ஏறத்தாழ 2000 பெண்கள் வந்தார்கள். அங்கிருந்து தேசியக் கறுப்பினப் பெண்கள் நலத்திட்டம் பிறந்தது.

அந்தத் திட்டத்தின் உயிர் சுய உதவிக் குழுக்கள். நம் ஊரில் அந்தப் பெயரைக் கேட்டதும் கடன், சேமிப்பு, வாரத் தவணை என்று மனம் போகும். அவர்களுடையது பேசுகிற குழு. இரத்த அழுத்தம், சர்க்கரை, உடல்பருமன் பற்றிப் பேசலாம் என்று வட்டமாக உட்கார்ந்த பெண்களின் வாயிலிருந்து வந்தது வீட்டு வன்முறையும் சிறு வயதில் நேர்ந்த பாலியல் கொடுமையும். மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்று மருத்துவர் எழுதிவைத்திருந்த குறிப்புக்குப் பின்னால் அப்படி ஒரு வாழ்க்கை இருந்தது. வெளியே சொன்னால் இனத்துக்கே கெட்ட பெயர் என்று காத்துவந்த மௌனத்தை ஏவரி ஒரு நோய்க்காரணியாகவே பார்த்தார். 'தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரியாதவர்கள்' என்று அரசும் மருத்துவமும் குற்றம் சாட்டுவதற்கு நேரெதிரான இடம் இது. இங்கே 'சுய உதவி' என்றால், என் உடலில் நடப்பதைப் பற்றிய முதல் சாட்சி நான்தான் என்று நிலைநாட்டுவது.

ஆனால் ஒரு சொல் நல்ல வேலை செய்தால் அதைப் பிடித்துக்கொண்டு போக ஆட்கள் வருவார்கள். சுய உதவி, சுய பராமரிப்பு என்ற சொற்களை அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். நடைப்பயிற்சி போ, உப்பைக் குறை, மன அழுத்தத்தைக் கட்டுப்படுத்து, உன் நலம் உன் கையில். சாட்சி சொல்லக் கிடைத்த உரிமை, பொறுப்பேற்கும் கட்டளையாக மாறிவிடுகிறது. சாட்சி சொல்பவரே வழக்குச் செலவையும் கட்டு என்பதுபோல.

இந்தச் செலவு உடலில் விழுகிறது என்பதை இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஷெர்மன் ஜேம்ஸ் என்ற கறுப்பின நோய்ப்பரவலியலாளர் வட கரோலினாவில் ஜான் ஹென்றி மார்ட்டின் என்ற முதியவரைச் சந்தித்தார். குத்தகை உழவர் குடும்பத்தில் பிறந்து, தானே எழுதப் படிக்கக் கற்று, 40 வயதுக்குள் 75 ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆனவர். அறுபதை எட்டுவதற்குள் அவருக்கு உயர் இரத்த அழுத்தம், மூட்டுவாதம், கடும் வயிற்றுப் புண். நீராவி இயந்திரத்தோடு போட்டி போட்டு, ஜெயித்து, கையில் சுத்தியலோடே விழுந்து செத்த ஜான் ஹென்றி என்ற நாட்டுப்புற நாயகனின் பெயரையே ஜேம்ஸ் 1983இல் தம் கருதுகோளுக்கு வைத்தார். வசதி குறைந்த நிலையில் விடாமல் போராடும் உழைப்பே இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது என்பது அது. அர்லின் ஜெரோனிமஸ் 1992இல் இன்னொரு கோணத்தில் சொன்னார்: ஒடுக்குமுறையோடு தினமும் மல்லுக்கட்டும் உடல், வெயிலிலும் மழையிலும் கிடக்கும் பொருள்போல வயதுக்கு முன்பே தேய்கிறது.

இதன் அறப்பொருள் கடுமையானது. போராடு, விட்டுவிடாதே, நீ வலிமையானவள் என்று நாம் சொல்லும் ஊக்கச்சொல்லே ஒரு மருந்துச்சீட்டாக இருந்தால், அதன் பக்கவிளைவையும் அச்சிட வேண்டும். சமநீதிக்காக வாழ்நாளை ஒப்படைக்கும் ஒரு கறுப்பினப் பெண், எந்தத் தேய்மானத்தை அளக்கிறாரோ அதே தேய்மானத்தைத் தம் உடலிலும் சேர்த்துக்கொள்கிறார். பகலில் அதை ஆய்வாக எழுதுகிறார், மாலையில் அதையே நோயாளியாக நின்று அனுபவிக்கிறார்.

பெண்ணியத் தத்துவ அறிஞர் ஐரிஸ் மேரியன் யங் இந்தப் பொறுப்பை நுட்பமாகப் பிரித்தார். கட்டமைப்பு அநீதியில் ஒரு குற்றவாளியைப் பிடித்துக் காட்ட முடியாது, அதில் பங்குபெறும் எல்லோருக்கும் அதை மாற்றும் பொறுப்பு உண்டு என்றார். யாருக்கு எவ்வளவு என்பதை அதிகாரம், சலுகை, அக்கறை, கூட்டாகச் செயல்படும் திறன் ஆகியவற்றைக் கொண்டு பார்க்கச் சொன்னார். 'அக்கறை' என்ற வாசல் வழியாகப் பாதிக்கப்பட்டவர்களும் பொறுப்பாளிகள் ஆகிறார்கள். மாற்றம் வேண்டும் என்ற தேவை மற்ற எவரையும்விட அவர்களுக்குத்தானே அதிகம்.

யங்கோடு நான் பாதி வழி போகிறேன். பாதிக்கப்பட்டவர்களை வெறும் பாவப்பட்டவர்களாகப் பார்க்காமல் செயல்படுகிறவர்களாகப் பார்த்தது சரி. ஆனால் ஒருவருக்கு ஒன்று மிக அவசரமாகத் தேவைப்படுகிறது என்பதே, அதைத் தயாரித்துத் தரும் கடமை அவருடையது என்று காட்டாது. பசித்தவளுக்குச் சோற்றில் அக்கறை அதிகம்தான், அதற்காக ஊருக்கே அவள் உலை வைக்க வேண்டுமா? அவள் அக்கறை அவளுக்குத் தருவது முன்னுரிமை. என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதில், செய்தது போதுமா என்று தீர்ப்பதில் முதல் குரல் அவளுடையது. செலவும் உழைப்பும் அதிகாரமும் சலுகையும் உள்ள பக்கத்திலிருந்து வர வேண்டும். குரல் வேறு, கூலிவேலை வேறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி அவள் தலையில் ஏற்றியதுதான் இவ்வளவு காலமும் நடந்தது.

கமாரா ஜோன்ஸ் 2000இல் எழுதிய தோட்டக்காரர் கதையையும் இப்படித்தான் படிக்கிறேன். அவரும் அட்லாண்டாவின் அதே மையத்தில் பணியாற்றியவர். ஒரு தொட்டியில் வளமான மண், இன்னொன்றில் கல்லும் சரளையும். தனக்குப் பிடித்த சிவப்புப் பூவின் விதையைத் தோட்டக்காரர் நல்ல மண்ணில் போடுகிறார், இளஞ்சிவப்பை வறண்ட மண்ணில். ஆண்டுகள் போகப்போக, இளஞ்சிவப்பு இயல்பிலேயே சோனி என்று அவரே நம்பிவிடுகிறார். ஹாஃப்மன் எழுதிய நூல் அந்தக் கட்டத்தில் எழுதப்படுவது. அந்தப் பூக்களும் தங்களைத் தாழ்வாக நினைக்கத் தொடங்குகின்றன. பூவிடம் போய் 'நீ அழகு' என்று சொல்வது நல்லதுதான், மண் மாறாத வரை அது போதாது. தோட்டக்காரர் என்றால் யார் என்பதையும் ஜோன்ஸ் கேட்கிறார்: முடிவெடுக்கவும் செயல்படவும் வளங்களைக் கையாளவும் அதிகாரம் உள்ளவர், முதன்மையாக அரசு. மண்ணைக் கொத்திப் போட வேண்டிய கை அது.

நடக்கக்கூடிய காரியமா என்று கேட்டால், ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை இரத்தப் பரிசோதனையிலிருந்து கணக்கிடும் சூத்திரம் ஒன்றில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159ஆல் பெருக்க வேண்டும் என்று இருந்தது. அதாவது காகிதத்தில் அவர் சிறுநீரகம் 16 விழுக்காடு நலமாகத் தெரியும். மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் 20 என்ற அளவில் தொடங்குகிறது. ஒருவருடைய அளவு 18 என்றால் வெள்ளையினத்தவருக்குக் காத்திருப்பு தொடங்கிவிடும். கறுப்பினத்தவருக்கு அதே 18, பெருக்கிய பின் 20.9 ஆகி, கதவு சாத்தியே இருக்கும். சூத்திரத்துக்குள் வெறுப்பு எதுவும் இல்லை. பெருக்கல் மட்டும்தான்.

வனெஸா கிரப்ஸ் போன்ற கறுப்பின மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் இதை ஆண்டுக்கணக்கில் கேள்வி கேட்டார்கள். 2021இல் சிறுநீரக மருத்துவ அமைப்புகள் இனம் இல்லாத புதிய சூத்திரத்தைப் பரிந்துரைத்தன. அதோடு நிற்கவில்லை. 2023இல், உறுப்பு மாற்றுக்கான தேசிய வலையமைப்பு ஒவ்வொரு மாற்று மருத்துவமனைக்கும் ஓர் ஆணை இட்டது. பழைய சூத்திரத்தால் தாமதமான கறுப்பின நோயாளிகளைப் பதிவேடுகளில் நீங்களே தேடுங்கள், அவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள், இழந்த காலத்தைத் திருப்பிக் கணக்கில் சேருங்கள். ஆயிரக்கணக்கானவர்களின் காத்திருப்புக் காலம் திருத்தப்பட்டது.

இதில் குரல் பாதிக்கப்பட்டவர்கள் பக்கமிருந்து வந்தது. பழைய கோப்புகளைப் புரட்டும் வேலை, தவறிழைத்த நிறுவனங்களிடம் போனது. டயாலிசிஸ் முடிந்து களைத்துக் கிடப்பவர், தமக்கு அநீதி நடந்தது என்று மனு எழுதி, சான்று சேர்த்து, வாசலில் நிற்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் தாமதத்தில் இறந்துபோனவர்களுக்கு இது எதையும் திருப்பித் தராது. ஆனாலும் 'சரிசெய்வது' என்ற வினைக்கு எழுவாய் யாராக இருக்க வேண்டும் என்பதை இது காட்டிவிட்டது.

என் மாணவியிடம் நான் சொன்னது இதுதான். விழிப்புணர்வு வேண்டும், ஆனால் அதை எந்தத் திசையில் கொண்டுபோகிறோம் என்று பார். பிரசவித்தவளுக்கு ஆபத்தின் அறிகுறிகளைச் சொல்லிக்கொடு. அதைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்து, அவள் 'எனக்கு என்னவோ பண்ணுது' என்று சொன்னால் எழுந்து போய் இரத்த அழுத்தம் பார்க்க உன் வார்டுக்குச் சொல்லிக்கொடு. முதலாவது அவளுக்கு நீ செய்யும் உதவி. இரண்டாவது நீ அவளுக்குப் பட்டிருக்கும் கடன்.